புக்கர் வொஷிங்டனா, டு போய்ஸா என்று கேட்பவர்கள் ரொக்பெல்லரை மறந்துவிடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகளின் விவாத மேடைகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் ஒரு பழைய கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. நமது பிள்ளைகள் முதலில் படித்து, தொழில் கற்று, நாலு காசு சேர்த்து முன்னேற வேண்டுமா? அல்லது காணி, வாக்கு, சம்பளம் என்ற உரிமைகளை முதலில் கேட்க வேண்டுமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்கள் இருவரைச் சாட்சிக்கு அழைப்பதும் வழக்கமாகிவிட்டது. புக்கர் டி. வொஷிங்டன் பொறுமைக்காரர், டு போய்ஸ் போராட்டக்காரர் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு, பேச்சாளர் தமக்குப் பிடித்தவரைத் தூக்கிப் பிடிப்பார்.

வரலாறு கற்பிப்பவர்கள் என்ற முறையில் இதில் எங்களுக்கு ஒரு முறைப்பாடு உண்டு. அந்த இருவரும் வாதாடிய காலம்தான் அமெரிக்காவின் எண்ணெய், உருக்கு, சீனி, ரயில் எல்லாம் ஒரு சிலரின் கைக்குள் போன காலம். பாடப் புத்தகத்தில் ஏகபோகக் கம்பனிகள் ஓர் அத்தியாயம், கறுப்பினச் சமத்துவம் இன்னோர் அத்தியாயம். ஒரே நாட்டில், ஒரே முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்தவை இவை என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் வொஷிங்டன் ஏன் அப்படிப் பேசினார், டு போய்ஸ் ஏன் முதலில் தோற்றார் என்பது விளங்காது.

தொடங்க வேண்டிய இடம் அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம். 1865இல் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் வந்த 14ஆவது, எந்த நபருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்றது. 1870இல் 15ஆவது, இன அடிப்படையில் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதப்பட்ட அந்த 14ஆம் திருத்தத்தை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவை கம்பனிகள். 1886இல் சாந்தா கிளாரா மாவட்டத்துக்கும் சதேர்ன் பசிபிக் ரயில் கம்பனிக்கும் இடையிலான வரி வழக்கில், கம்பனியும் இத்திருத்தத்தின் பாதுகாப்புக்குள் வரும் ‘நபர்’தான், அதுபற்றி வாதம் கேட்கவே தேவையில்லை என்று பிரதம நீதியரசர் வாய்மொழியாகச் சொன்னார். தீர்ப்பில் இல்லாத அந்தக் கூற்று, அறிக்கையாளர் எழுதிய தலைக்குறிப்பில் ஏறி, பின்னர் சட்டமாகவே நடமாடியது. 1938இல் நீதியரசர் ஹியூகோ பிளாக் ஒரு கணக்கைச் சொன்னார். திருத்தம் வந்த முதல் 50 ஆண்டுகளில் அதைப் பிரயோகித்து உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்குகளில் கறுப்பின மக்களின் பாதுகாப்புக்காக அதை நாடியவை அரை வீதத்துக்கும் குறைவு. கம்பனிகளுக்காகக் கேட்டவை 50 வீதத்துக்கும் அதிகம். இதைச் சொன்னவர், அடிமை முறை நிலவிய தென் மாநிலமான அலபாமாவைச் சேர்ந்தவர் என்பதையும் கவனிக்கலாம்.

அடுத்தது, ஏகபோகம் எப்படிக் கட்டப்பட்டது என்பது. ‘ரொக்பெல்லர் போட்டியாளர்களை விழுங்கினார்’ என்று எழுதும் மாணவருக்கு, எந்த வழியால் விழுங்கினார் என்று கேட்டால் பதில் இருக்காது. வழி ரயில் கட்டணம்.

ரொக்பெல்லரின் ஸ்டான்டர்ட் ஒயில் கம்பனி 1870 ஜனவரியில் ஒஹையோ மாநிலத்தில் 10 இலட்சம் டொலர் மூலதனத்துடன் பதிவானது. அப்போது நாட்டின் எண்ணெய் சுத்திகரிப்பில் அதன் பங்கு ஏறத்தாழ 10 வீதம். 1872இல் சவுத் இம்புரூவ்மன்ட் கம்பனி என்ற பெயரில் ரயில் கம்பனிகளோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. எண்ணெய் வயல்களிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் கொண்டுவர வெளிக் கட்டணம் 80 சதம். ஒப்பந்தத்தில் சேர்ந்த சுத்திகரிப்பாளர்களான உள்ளாட்களுக்கு அதில் 40 சதம் திரும்பிவரும். இதுவரை சாதாரணக் கழிவுதான். பெருமளவில் சரக்கு அனுப்பும் எவரும் கேட்பது. ஒப்பந்தத்தின் கூர் அடுத்த விதியில் இருந்தது. வெளியாள் ஒருவர் அனுப்பும் பீப்பாய்க்கு அவர் முழு 80 சதத்தையும் கட்ட, அதிலும் 40 சதம் உள்ளாட்களின் கணக்கில் விழும். போட்டியாளர் எவ்வளவு அதிகம் விற்றாரோ அவ்வளவு பணம் அவருடைய எதிரிக்குப் போகும். கூடவே யார் எவ்வளவு அனுப்பினார் என்ற விபரமும் நாளாந்தம் வரும்.

விஷயம் வெளியே கசிந்ததும் எண்ணெய் வயல்களில் கொதிப்பு எழுந்தது. சில மாதங்களிலேயே அந்தக் கம்பனியின் அனுமதிப் பத்திரம் ரத்தானது. ஒப்பந்தத்தின் கீழ் ஒரு பீப்பாய்கூட நகரவில்லை. ஆனால் அந்த அச்சுறுத்தல் நிலுவையில் இருந்த வாரங்களிலேயே கிளீவ்லாந்தின் 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 ரொக்பெல்லரிடம் விலைபோய்விட்டன. பிள்ளைகளுக்கு இந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் நிறைவேறத் தேவையில்லை. நிறைவேறிவிடும் என்ற பயமே போதும்.

அதன் பிறகு பீப்பாய், குழாய், தொட்டி வண்டி எல்லாம் சொந்தமாக்கப்பட்டன. பச்சை ஓக் மரத்தைக் காட்டிலேயே அறுத்து உலர்த்திக் கொண்டுவந்ததால் ஏற்றுக்கூலி குறைந்தது, 2.50 டொலர் விலையான பீப்பாய் ஒரு டொலருக்குள் அடங்கியது. 1879இல் போட்டியாளர்கள் அலெகேனி மலைத்தொடருக்கு மேலாக 109 மைல் நீளமான டைட்வோட்டர் குழாயைப் போட்டு ரயிலை ஓரங்கட்டியபோது, ரொக்பெல்லர் தரப்பு தானும் குழாய்களைப் போட்டது. டைட்வோட்டரிலும் பங்கு வாங்கியது. அந்த ஆண்டளவில் நாட்டின் சுத்திகரிப்பில் சுமார் 90 வீதம் அவர்கள் வசம்.

ஒரு மாநிலத்தில் பதிவான கம்பனி இன்னொரு மாநிலக் கம்பனியின் பங்குகளை வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. இதற்குச் சட்டத்தரணி சாமுவேல் டொட் கண்ட வழிதான் 1882இன் டிரஸ்ட். சுமார் 40 கம்பனிகளின் பங்குதாரர்கள் தம் பங்குகளை 9 பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, பதிலுக்குச் சான்றிதழ் பெற்றார்கள். கம்பனிகள் பெயருக்குத் தனித்தனி. முடிவு ஒரே மேசையில். 1892இல் ஒஹையோ நீதிமன்றம் இதை உடைத்தது. அதற்கு முன்பே, 1889இல், நியூ ஜெர்சி மாநிலம் கம்பனியே கம்பனியை வைத்திருக்கலாம் என்று சட்டம் மாற்றியிருந்ததால், 1899இல் தாய்க் கம்பனி அங்கே எழுந்தது. 1911 மே 15இல் உயர் நீதிமன்றம் அதை 34 ஆகப் பிரித்தது. பழைய பங்குதாரருக்கு ஒவ்வொரு புதிய கம்பனியிலும் விகிதப்படி பங்கு கிடைத்தது. பங்குச் சந்தையில் அவற்றின் விலை ஏறி ரொக்பெல்லர் முன்னைவிடப் பெரிய பணக்காரரானார். பெயர்ப்பலகை மாறி உரிமை மாறாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இது போட்டியாளர்களைப் பக்கவாட்டில் வாங்கிச் சேர்க்கும் முறை. உருக்கு முதலாளி கார்னகியின் முறை வேறு. இரும்புத் தாது, கோக் அடுப்பு, ரயில், கப்பல், உருக்காலை என்று மேலிருந்து கீழ்வரை ஒரே பொருளின் முழுப் பாதையையும் சொந்தமாக்குவது. இதை விளக்க ஹப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னைத் தோட்டத்தையும் வேறு தோட்டங்களையும் வாங்கி, இங்கே பறித்த கொழுந்தைத் தம் பொதியில், தம் பெயரில், பிரித்தானியாவில் தம் கடைகளிலேயே விற்றார். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதே அவருடைய விளம்பரம். கார்னகி பாணி என்பது இதுதான்.

இனி அதே ஆண்டுகளில் தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு வருவோம். பெரும்பாலானோர் பருத்தி நிலத்தில் வாரக்குடிகள். விளைச்சலில் பாதி நிலச் சொந்தக்காரருக்கு. மார்ச்சிலிருந்து அறுவடை வரை சாப்பாடு, விதை, பசளை, துணி எல்லாம் கடையில் கடன். கடைக்காரருக்குப் பிணை, நிலத்தில் நிற்கும் பயிர். கடைக்கு இரண்டு விலை, ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. வித்தியாசத்தை வட்டியாகப் போட்டுப் பார்த்தால் பல இடங்களில் ஆண்டுக்கு 50 வீதத்தையும் தாண்டும். கணக்குப் புத்தகம் கடைக்காரரிடம். ஆண்டு முடிவில் பருத்தியை நிறுத்தபின் ‘இன்னும் கொஞ்சம் பாக்கி’ என்பார். பாக்கியோடு இன்னொரு நிலத்துக்குப் போக முடியாது. அலபாமா போன்ற மாநிலங்களில், முற்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனவர் மோசடிக்காரர் என்று குற்றவியல் சட்டமே இருந்தது. அதை உயர் நீதிமன்றம் 1911இல், பெய்லி வழக்கில் செல்லாததாக்கியது.

ஆள் திரட்டிய கங்காணியிடம் பட்ட கடனும் ‘துண்டு’ முறையும் இங்கே எப்படி ஓடின என்று பெரியவர்களிடம் கேட்ட பிள்ளைக்கு மேற்சொன்னது புதிதாகத் தோன்றாது. கடன் தொகையை எழுதிய துண்டைப் புதிய தோட்டம் கட்டித் தீர்த்தால்தான் ஆள் இடம்மாறலாம் என்ற அந்த முறை இலங்கையில் 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்லவரவில்லை. அமெரிக்காவில் பிணை பயிரின் மேல். இங்கே பயிர் கம்பனியுடையது, பிணை ஆளின் மேல். தேயிலைத் தோட்டத்தில் வாரக்குடி கிடையாது. பெரட்டும் (காலை ஆள் கணக்கெடுப்பு) செக்ரோலும் (வேலைப் பதிவேடு) நாள்கூலியும்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் ‘அமெரிக்க அடிமைகளைப் போல நாமும்’ என்று தொடங்கும் பேச்சுகள், கேட்கச் சூடாக இருந்தாலும், பரீட்சைத் தாளில் புள்ளி பெறாது.

இப்படிப்பட்ட பருத்தி நாட்டின் நடுவில்தான் 1881 ஜூலை 4இல் வொஷிங்டன் அலபாமாவில் டஸ்கிகீ பாடசாலையை ஏறத்தாழ 30 மாணவருடன் திறந்தார். மாநில அரசு கொடுத்தது ஆண்டுக்கு 2,000 டொலர். அதையும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம். காணிக்கும் கட்டடத்துக்கும் ஒரு சதமும் இல்லை. அவருடைய ‘கைத்தொழில் கல்வி’ வெறும் தத்துவம் அல்ல என்பது இந்தக் கணக்கில் தெரியும். கட்டடத்துக்குக் கல் வேண்டும், கல் வாங்கப் பணமில்லை, ஆகவே மாணவர் செங்கல் அறுத்தார்கள். முதற்சூளைக்கு 25,000 கல். சூளை கட்டிய விதமும் எரித்த விதமும் பிழைத்துப்போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது, ஒரு வாரம் எரிந்து முடியும் தறுவாயில், நள்ளிரவில் இடிந்து விழுந்தது. நான்காவதுக்குக் காசில்லாமல் வொஷிங்டன் தம் பைக்கடிகாரத்தை 15 டொலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை நன்றாக வெந்தது. அயலிலிருந்த வெள்ளையர் கல் வாங்க வந்தார்கள். நம்மிடம் அவர்களுக்குத் தேவையான பொருள் இருந்தால் மரியாதை தானே வரும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த அனுபவத்திலிருந்து.

1895 செப்டெம்பர் 18, அட்லாண்டா கண்காட்சியில் வொஷிங்டனின் உரை. சமூக விஷயங்களில் இரு இனத்தவரும் விரல்களைப் போலத் தனித்தனியாக இருக்கலாம், முன்னேற்றத்துக்கான காரியங்களில் ஒரே கையாக இருப்போம் என்றார். எட்டு மாதத்தில், 1896 மே 18இல், உயர் நீதிமன்றம் பிளெசி வழக்கில் ரயில் பெட்டிகளை இனவாரியாகப் பிரிப்பது செல்லும் என்றது. 1901இல் அவருடைய சொந்த அலபாமாவே புதிய அரசியலமைப்பு எழுதியது. வாக்காளராகப் பதிய எழுத்தறிவுச் சோதனை அல்லது சொத்து. மேலதிகமாக ஆண்டுக்கு 1.50 டொலர் தலைவரி. இந்த வரி 21 வயது முதல் 45 வயது வரை சேர்ந்துகொண்டே போகும். கட்டாமல் விட்டவர் வாக்களிக்க விரும்பினால் 36 டொலர் வரை மொத்தமாகக் கட்ட வேண்டும். டிசம்பர்க் கணக்கில் கையில் காசே மிஞ்சாத வாரக்குடிக்கு 36 டொலர் எங்கே போவது? சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல்லே இல்லை. லூசியானாவில் இதே வகைச் சட்டங்களின் பின் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் தொகை 1896இல் 130,334 ஆக இருந்து 1904இல் 1,342க்கு விழுந்தது.

டு போய்ஸின் குற்றச்சாட்டு இதுதான்: வாக்கில்லாதவன் சேர்த்த செங்கல்லையும் காப்பாற்ற முடியாது. 1903இல் அவர் இதை எழுத்தில் வைத்தார். மசசூசெட்ஸில் பிறந்தவர், ஹார்வர்டில் 1895இல் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவருக்கு முன்பே கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் இதை இன்னும் கடுமையாகச் சொல்லிவிட்டார் என்பதை நம் மேடைகள் மறந்துவிடுகின்றன. 1892இல் மெம்பிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கொன்ற மூவர் சோம்பேறிகளோ குற்றவாளிகளோ அல்லர். நன்றாக ஓடிய பலசரக்குக் கடை ஒன்றை நடத்தியவர்கள். பக்கத்து வெள்ளையர் கடைக்கு வியாபாரம் குறைந்ததுதான் சண்டையின் வேர். உழைத்து முன்னேறினால் மரியாதை வரும் என்பதற்கு நேர் எதிரான சாட்சி அது. வெல்ஸ் கொலைகளின் விபரங்களை வெள்ளையர் பத்திரிகைகளிலிருந்தே திரட்டி, திகதி, இடம், சாட்டிய காரணம் என்று பட்டியலிட்டார். பொய் என்று எவரும் சொல்ல முடியாத முறை.

வொஷிங்டனைக் கோழை என்று சொல்வதும் தவறு. அலபாமா வாக்குச் சட்டத்துக்கு எதிரான ஜைல்ஸ் வழக்குக்கும் பெய்லி வழக்குக்கும் அவர் இரகசியமாக உதவினார். ஜைல்ஸ் வழக்கில் டஸ்கிகீ அலுவலகமும் சட்டத்தரணியும் மாற்றுப் பெயர்களில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1903இல் ஜைல்ஸ் வழக்கு தோற்றது. தீர்ப்பின் தர்க்கத்தைக் கேளுங்கள்: பதிவு முறை முழுதுமே மோசடி என்றால், அந்த மோசடிப் பட்டியலில் உமது பெயரையும் சேர்ப்பது எப்படி நிவாரணமாகும்? வாக்குரிமை மறுக்கப்பட்டவரிடம், அரசியல் வழியில் நிவாரணம் தேடும்படி சொல்லி அனுப்பினார்கள்.

அப்படியானால் ஏன் இரகசியம்? இங்கேதான் ஏகபோகம் கதைக்குள் வருகிறது. அதே 1903இல் கார்னகி டஸ்கிகீக்கு 600,000 டொலர் கொடுத்தார். பணமாக அல்ல, யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பனியின் கடன் பத்திரங்களாக. அந்தக் கம்பனி 1901இல் கார்னகியின் ஆலைகளை 480 மில்லியன் டொலருக்கு வாங்கி எழுந்தது. 1907இல் அதே கம்பனி அலபாமாவின் டென்னசி நிலக்கரி, இரும்பு, ரயில் கம்பனியை வாங்கியது. அந்தச் சுரங்கங்களில் அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்த கைதிகள் வேலை செய்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர், அலைந்து திரிந்தது போன்ற சில்லறைக் குற்றத்துக்கு அபராதம் கட்ட முடியாமல் சிக்கியவர்கள் பலர். வாங்கிய பின்னும் சில ஆண்டுகள் அது தொடர்ந்தது. அலபாமா கைதிக் குத்தகையை நிறுத்தியது 1928இல். ஆக, ஒரே கம்பனியின் வட்டி அலபாமாவில் கறுப்பினப் பிள்ளையைப் படிக்கவைத்தது. ஒரே கம்பனியின் சுரங்கம் அதே மாநிலத்தில் இன்னொரு கறுப்பினத்தவனை விலங்கோடு இறக்கியது. வொஷிங்டன் இதைப் பற்றிப் பகிரங்கமாக எவ்வளவு பேச முடியும்? பண்பின் பலவீனம் என்று பார்ப்பதைவிட வருமானப் பட்டியலைப் பார்ப்பது பயன்தரும்.

நன்கொடைப் பணம் பயனில்லாதது என்றும் நாங்கள் சொல்லவில்லை. வொஷிங்டனின் யோசனையில், சியர்ஸ் வியாபார நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட் தொடங்கிய கிராமப் பாடசாலைத் திட்டம் 1932க்குள் 15 மாநிலங்களில் 4,977 பாடசாலைகளைக் கட்டியது. விதிகள் கண்டிப்பானவை. ஊர் மக்கள் முதலில் பணமும் காணியும் உழைப்பும் போட வேண்டும். கட்டடம் அரச கல்விச் சபையின் சொத்தாகப் பதிவாக வேண்டும். வரைபடம் மாதிரிப்படியே இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாததால், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வெளிச்சம் விழும்படி பெரிய யன்னல்களை வரிசையாக வைத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 28.4 மில்லியன் டொலர். அதில் ரோசன்வால்ட் நிதி 4.4 மில்லியன், கறுப்பின மக்களின் சொந்தக் காசு 4.7 மில்லியன், மிகுதியில் பெரும்பகுதி அரச வரிப்பணம். கொடையாளியின் பெயரால் அழைக்கப்படும் பாடசாலைகளுக்குக் கொடையாளியைவிட ஏழைகள் அதிகம் போட்டார்கள். அதுவும் வரி கட்டிய பிறகு, இரண்டாம் முறையாக. மாகாண சபைப் பாடசாலைக் கட்டடத்துக்கு லயத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்க்கும் நமது பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம். ஆனால் கட்டடத்தை அரசின் பேரில் பதியவேண்டும் என்ற அந்த ஒரு விதி மிக நல்லது; பராமரிப்புச் செலவிலிருந்து அரசு நழுவ முடியாது.

டு போய்ஸ் பக்கமும் பணத்தில்தான் தடுக்கியது. 1905இல் சம உரிமை கேட்டு அவர் 29 பேருடன் தொடங்கிய நயாகரா இயக்கம் 1910க்குள் அணைந்தது. நிதி இல்லை, டஸ்கிகீயின் எதிர்ப்பு வேறு. 1909இல் எழுந்த நிறமக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் தப்பியதற்குக் காரணம், தொடக்கத்தில் வசதியான வெள்ளை ஆதரவாளர்கள், பிறகு சந்தா. அவர் ஆசிரியராக இருந்த சங்க இதழ் 1910இல் 1,000 பிரதிகளில் தொடங்கி 1919இல் 100,000ஐ எட்டியது. விலை 10 சதம். வாசகர் காசில் ஓடிய இதழுக்கு எந்த உருக்காலை முதலாளியின் முகத்தையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. 1915இல், பாட்டன் 1866இன் தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தால் பேரனுக்கு எழுத்தறிவுச் சோதனை இல்லை என்ற ஒக்லஹோமா விதியை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த இடத்தில் மலையக வாசகர் நின்று கவனிக்க வேண்டும். நமது 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் பாட்டனைக் கேட்டது. இங்கே பிறந்தவரானாலும், தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? அந்தச் சட்டத்திலும் எந்த இனத்தின் பெயரும் இல்லை. 1953இல் கோடாக்கன்பிள்ளை வழக்கில், அப்போது நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில், இது பிரஜாவுரிமை பற்றிய சட்டமேயன்றி ஒரு சமூகத்துக்கு எதிரானதல்ல என்றது. அமெரிக்க நீதிமன்றம் தன் பாட்டன் விதியை அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தது. 1947இல் 7 ஆசனம் வென்ற, மலையகத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ், அதன் வாக்காளர் பிரஜாவுரிமையோடு வாக்கையும் இழந்ததால், 1952இல் ஓர் ஆசனமும் இல்லாமல் நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்றது 1970களில். வாக்கு போன கையோடு வகுப்பறையும் காத்துக்கிடந்தது.

நீதிமன்ற வழியை எப்படி நடத்துவது என்பதற்குச் சிறந்த பாடம் நிறமக்கள் சங்கத்தின் சட்டத்தரணி சார்ள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன். சங்கத்துக்கு வழக்கு நிதியாக வாக்களிக்கப்பட்ட 100,000 டொலரில் சிறு பகுதியே கைக்கு வந்தது. ஆகவே ஆயிரக்கணக்கான ஆரம்பப் பாடசாலைகளைத் தொடாமல், சட்டக் கல்லூரிகளில் தொடங்கினார். காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. மேரிலாந்து, மிசூரி போன்ற மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு அரச சட்டக் கல்லூரியே இல்லை, எனவே பிளெசி தீர்ப்பைக் காட்டி ‘பிரிந்தாலும் சமம்’ என்று சொல்ல இடமில்லை. ஒரு மாணவருக்காக இரண்டாவது கல்லூரி கட்டுவது மாநிலத்துக்குக் கட்டுபடியாகாது. சட்டக் கல்லூரி எப்படியிருக்க வேண்டும் என்பது நீதிபதிக்கே தெரியும். வயதுவந்த ஒருவர் படிக்க வந்தால் வெள்ளைப் பெற்றோர் பதறுவதும் குறைவு. 1936இல் மேரிலாந்து, 1938இல் மிசூரி, 1950இல் டெக்சாஸ் என்று படிப்படியாக ஏறி, 1954இல் பாடசாலைகளை இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்ற பிரவுன் வழக்கு. அதில் சேர்ந்த தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டொலரும் கறுப்பினப் பிள்ளைக்கு 43 டொலரும் செலவழித்ததைச் சட்டத்தரணிகள் காட்டினார்கள். கல்வி வலயத்துக்கு வலயம் பாடசாலைச் செலவை இப்படி ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தொழிற்சங்க மாவட்டமான நுவரெலியாவில் அதைப் பேசாமல் விடுவது விசித்திரம். 1890இன் ஷேர்மன் சட்டம் ஏகபோகத்தைத் தடுக்க வந்தது. 1895இல் சீனிச் சுத்திகரிப்பில் 98 வீதத்தைப் பிடித்த கம்பனி, உற்பத்தி என்பது வணிகம் அல்ல என்ற வாதத்தால் தப்பியது. அதே சட்டத்தைக் காட்டி, 1894 புல்மன் ரயில் வேலைநிறுத்தத் தலைவர்களுக்கு எதிராகக் கீழ் நீதிமன்றம் தடையுத்தரவிட்டது. அந்த வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கமோ, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று சொற்ப வாக்கு வித்தியாசத்தில் முடிவெடுத்திருந்தது. வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு அந்த வேலைநிறுத்தத்தில் ஒட்டுறவு இருக்கக் காரணமில்லை.

புல்மன் கம்பனி படுக்கை வண்டிகளில் கறுப்பின ஊழியரையே வைத்தது. மாதம் 400 மணித்தியாலம் அல்லது 11,000 மைல்; பயணிகள் ஏறுமுன் வண்டியைத் தயார்படுத்தும் நேரத்துக்குச் சம்பளமில்லை; சப்பாத்துப் பொலிஷும் சொந்தச் செலவு. செக்ரோலில் ஏறாத வேலை என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1925இல் சங்கம் அமைத்தபோது தலைவராக ஏ. பிலிப் ரண்டோல்ஃபைத் தெரிந்தார்கள். அவர் அந்தக் கம்பனியில் வேலை செய்தவரே அல்ல, எனவே கம்பனியால் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. பல தேவாலயங்களும் கறுப்பினப் பத்திரிகைகளும் முதலில் எதிர்த்தன. கம்பனியின் கொடையும் வேலைவாய்ப்பும் அவ்வளவு தூரம் எட்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1937இல் ஒப்பந்தம்: மாதம் 240 மணித்தியாலம், சம்பள உயர்வு. ரண்டோல்ஃப் பின்னர் 1963 வாஷிங்டன் பேரணியின் தலைவரானார். அந்தப் பேரணிக்கு முதல் நாள், ஆகஸ்ட் 27இல், டு போய்ஸ் கானாவின் அக்ராவில் காலமானார்.

அந்த டு போய்ஸும் அவர் தொடங்கிய இடத்தில் நிற்கவில்லை. 1934இல், கறுப்பின மக்கள் தம் சொந்தக் கூட்டுறவுக் கடைகளையும் பொருளாதாரத்தையும் தனியாகவே கட்ட வேண்டும் என்று எழுதி, அதனால் எழுந்த முரண்பாட்டில் நிறமக்கள் சங்கத்தைவிட்டே விலகினார். வொஷிங்டன் திரைமறைவில் வழக்காடினார், டு போய்ஸ் முதுமையில் கூட்டுறவுக் கடையைப் பேசினார் என்றால், ‘பொறுமையா, போராட்டமா’ என்ற நமது இரண்டு வரிச் சூத்திரத்தில் எது மிஞ்சும்?

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் இந்த இருவரைப் பற்றிய கட்டுரை வரும்போது, பக்கத்திலேயே ஓர் ஆண்டு வரிசையைச் சேருங்கள்: 1882 டிரஸ்ட், 1886 சாந்தா கிளாரா, 1890 ஷேர்மன், 1895 அட்லாண்டா, 1896 பிளெசி, 1901 அலபாமா, 1903 கார்னகி நன்கொடை, 1907 சுரங்கம் கைமாறல், 1911 ஸ்டான்டர்ட் ஒயில் பிரிப்பு. ஒரே வரிசையில் கண்டால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள். பாடசாலை விவாதப் போட்டிகளை நடத்துபவர்களும் ‘கல்வியா, உரிமையா’ என்ற தலைப்பை ஓராண்டுக்கு ஒத்திவைத்துவிட்டு, ‘கார்னகியின் 600,000 டொலரை வொஷிங்டன் ஏற்றது சரியே’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பார்க்கட்டும். இரு தரப்புக்கும் பேச நிறைய இருக்கிறது. எதிர்த்துப் பேசும் அணி, அப்பணம் இல்லாமல் ஆண்டுக்கு 2,000 டொலரில் அந்தப் பாடசாலையை எப்படி நடத்தியிருப்பார்கள் என்பதற்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை விதியாக வைத்தால் போதும்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் சிலர்,
அட்டன்.